மழை வருமுன் மேஸ்திரி வரவேண்டும்!

மதுரை ரயில் நிலையத்தில் இறங்கி, தங்குவதற்கு விடுதி தேடுகிறவர்கள் ஒரு தெருவுக்குப் போகிறார்கள். அதன் பெயர் மேலப் பெருமாள் மேஸ்திரி வீதி.

ராஜாக்களின் பெயரில் தெரு உண்டு. தலைவர்களின் பெயரில் தெரு உண்டு. ஒரு மேஸ்திரியின் பெயரில், அதுவும் ஊரின் நடுவே, தெரு இருக்கிறதே! யார் அந்தப் பெருமாள்?

1840-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மதுரையைச் சுற்றிப் பெரிய கோட்டைச் சுவர் இருந்தது. சுவருக்கு வெளியே அகழி. உள்ளே ஜனங்கள் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்ந்தார்கள். அப்போது கலெக்டராக இருந்தவர் பிளாக்பர்ன் துரை. கோட்டையை இடித்து ஊரை விரிவாக்க அவர் முடிவு செய்தார்.

இடிக்கப் பணம் வேண்டுமே? துரை ஒரு வழி கண்டார். "இவ்வளவு தூரத்துக்குச் சுவரை இடித்து, அந்த மண்ணைக் கொண்டே அகழியைத் தூர்த்துக் கொடுங்கள், அந்த இடம் உங்களுக்கு" என்றார். ஜனங்கள் கடப்பாறையோடு வந்தார்கள். கோட்டை போயிற்று. வெளி வீதிகள் பிறந்தன.

நிலத்தை அளந்தவர் மாரட் என்ற வெள்ளைக்காரர். வேலையை மேற்பார்த்தவர் பெருமாள் மேஸ்திரி. இரண்டு பேர் பெயரும் தெருக்களுக்கு வைக்கப்பட்டன. கலெக்டருக்கு? அவர் நினைவாக நிற்பதுதான் விளக்குத்தூண்.

இந்தக் கதையில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். எவ்வளவு வேலை என்பது முதலிலேயே அளந்து சொல்லப்பட்டது. முடித்தால் என்ன கிடைக்கும் என்பதும் முதலிலேயே சொல்லப்பட்டது. ஆயிரக்கணக்கான பேர் சேர்ந்து செய்த வேலை அது. நம் வீட்டு மாடியில் நாலு தட்டோடு மாற்றுவதற்குள் நமக்கும் மேஸ்திரிக்கும் எத்தனை சண்டை வருகிறது!

அரசன் வீடும் தப்பவில்லை

"என் வீடு நல்ல கட்டுமானம். என் தாத்தா கட்டியது. அதற்கு என்ன வந்துவிடும்?" என்று சொல்கிறவர்கள் ஒருமுறை திருமலை நாயக்கர் மகாலுக்குப் போய் வரட்டும்.

1636-ல் எழும்பிய அரண்மனை அது. பணத்துக்குக் குறைவா? ஆளுக்குக் குறைவா? ஆனாலும் நாயக்கர் காலம் முடிந்தபின் கவனிப்பார் இல்லை. மழையும் வெயிலும் புகுந்தன. பல பகுதிகள் அழிந்தன. 1866 முதல் 1872 வரை சென்னை கவர்னராக இருந்த நேப்பியர் பிரபு மராமத்துச் செய்ய ஏற்பாடு செய்தார். அதனால்தான் இன்றைக்கு நாம் அண்ணாந்து பார்க்க அந்தத் தூண்களாவது இருக்கின்றன. அன்றைய அரண்மனையில் சிறு பகுதிதான் இப்போது மிஞ்சி நிற்பது.

அரண்மனைக்கு ஒரு கவர்னர் வந்தார். நம் வீட்டுக்கு யார் வருவார்?

வீடு பழுதானால் அழகு கெடும், அவ்வளவுதானே என்று எண்ணிவிடக் கூடாது. 2021 டிசம்பரில் மதுரை கீழவெளி வீதிப் பகுதியில், இரவு ரோந்து சென்ற தலைமைக் காவலர் ஒருவர்மீது பழைய கட்டிடம் இடிந்து விழுந்தது. அவர் அங்கேயே உயிரிழந்தார். 2025 மே மாதம், நகருக்குத் தெற்கே வலையங்குளத்தில், மழையில் ஊறிய வீட்டுச்சுவர் இடிந்து மூன்று பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவன் சிறுவன். அது ஐப்பசி அடைமழையும் அல்ல, கோடை மழை.

சுவர் ஒரே நாளில் விழுவதில்லை. பல வருஷம் நமக்குச் சைகை காட்டிவிட்டுத்தான் விழுகிறது.

மாடியில் ஒரு லாரி பாரம்

வீட்டுக்கு முதல் எதிரி தண்ணீர். அது எவ்வளவு என்று கணக்குப் பார்த்தவர்கள் குறைவு.

உங்கள் மாடி ஆயிரம் சதுர அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் அந்த மாடியில் விழும் தண்ணீர் சுமார் 930 லிட்டர். பதினைந்து லிட்டர் குடத்தால் அளந்தால் அறுபது குடத்துக்கு மேல்! ஒரே மாலையில் ஐந்து, ஆறு சென்டிமீட்டர் கொட்டுவது மதுரைக்குப் புதிதல்ல. 2024 அக்டோபர் 25 அன்று பெய்த மழையில் செல்லூர், பீ.பீ.குளம் பக்கத்து வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது நினைவிருக்கும்.

இவ்வளவு தண்ணீரும் இறங்குவதற்கு மாடியில் இருப்பது ஒன்றிரண்டு குழாய் வாய்கள். அதில் வேப்பிலைச் சருகும், பிள்ளைகள் எறிந்த பந்தும், காற்றில் வந்த பாலித்தீன் பையும் அடைத்துக்கொண்டால்? நாலு அங்குல உயரம் தண்ணீர் நின்றாலே ஒன்பது டன்னுக்கு மேல் எடை. ஒரு லாரிப் பாரத்தை மாடியில் நிறுத்திவிட்டு, கீழே பாய் விரித்துப் படுத்திருக்கிறோம் என்று பொருள்!

நின்ற தண்ணீர் சும்மா இராது. தட்டோட்டின் சந்துகளில் இறங்கும். கான்கிரீட் கூரையானால் உள்ளே இருக்கும் கம்பியைத் தொடும். கம்பி துருப்பிடித்தால் பருக்கும். பருத்த கம்பி தன்னைச் சுற்றியுள்ள கான்கிரீட்டை வெளியே தள்ளும். கூரையில் முதலில் கம்பி ஓடும் நேரே ஒரு கோடு தெரியும். அடுத்த வருஷம் பழுப்பு நிறக் கறை. அதற்கடுத்த வருஷம் காரை பெயர்ந்து தொட்டிலுக்குப் பக்கத்தில் விழும்.

காரை விழுந்த இடத்தில் சிமெண்டை அப்பி, சுண்ணாம்பு அடித்து மறைப்பவர்கள் பலர். துரு உள்ளேயே இருக்கும். கம்பியின் துருவைத் தேய்த்து எடுக்காமல் மேலே பூசினால் அந்தப் பூச்சு நிற்காது. பூச்சுக்கு முன் தண்ணீர் வருகிற வழியையும் அடைக்க வேண்டும்.

பழைய மதுரை வீடுகளில் மரக்கட்டை பாவி, செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கி, மேலே சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் கொட்டி, கட்டையால் நாள் கணக்கில் அடித்து, அதன்மேல் தட்டோடு பதித்த மாடிகள் இருக்கின்றன. கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீரைச் சேர்த்து அடித்த தளம் அது. அதை மராமத்துச் செய்ய வருகிறவர், "மேலே சிமெண்டு போட்டுவிடுகிறேன், கவலையை விடுங்கள்" என்பார். விட்டுவிடாதீர்கள்! சுண்ணாம்புத் தளம் வெயிலுக்கும் குளிருக்கும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். சிமெண்டு விறைப்பு, விட்டுக்கொடுக்காமல் வெடிக்கும். வெடிப்பில் இறங்கிய ஈரம் வெளியேற முடியாமல் கட்டைகளை உளுக்க வைக்கும். சுண்ணாம்பு வேலைக்குச் சுண்ணாம்புதான். அந்த வேலை தெரிந்த கொத்தனார்கள் இப்போது குறைந்துவிட்டார்கள். ஆனால் இருக்கிறார்கள், கோயில் திருப்பணிகளில் வேலை செய்தவர்களை விசாரித்தால் கிடைப்பார்கள்.

ஈரத்துக்குத் தேதி போடுங்கள்

எந்த மாதத்தில் எதைச் செய்வது? மதுரைப் பக்கத்துக்கு இதில் சிரமமே இல்லை. காலம் நமக்கு வேண்டிய அவகாசம் தருகிறது.

வடகிழக்குப் பருவமழை அக்டோபர் மூன்றாம் வாரம் வாக்கில் தொடங்கும். அதற்குள், புரட்டாசி பாதிக்குள், மாடி வேலை முடிந்திருக்க வேண்டும். அப்படியானால் ஆனி, ஆடியிலேயே மேஸ்திரியைப் பிடிக்க வேண்டும். நம்மில் பலர் ஐப்பசியில் முதல் இடி இடித்தபிறகு மேஸ்திரியைத் தேடுகிறோம். ஊர் முழுவதும் அதே நாளில் தேடுகிறது. அவர் யார் வீட்டுக்குத்தான் போவார்?

ஓட்டு வீட்டுக்காரர்களுக்கு ஆடிக்காற்றே சோதனை. காற்று ஓய்ந்ததும் ஏறிப் பார்த்து, நகர்ந்த ஓட்டைச் சரித்து, உடைந்ததை மாற்றிவிட வேண்டும்.

மழை பெய்கிற நாளில் மராமத்து முடியாது. ஆனால் அந்த நாளில் செய்ய ஒரு நல்ல வேலை உண்டு. ஒரு பென்சிலை எடுங்கள். சுவரிலோ கூரையிலோ ஈரம் எந்த மட்டும் பரவியிருக்கிறதோ, அதன் ஓரமாக ஒரு கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதுங்கள். அடுத்த மழையில் ஈரம் கோட்டைத் தாண்டினால் மறுபடி கோடு, மறுபடி தேதி. கோடையில் சுவர் காய்ந்து வெள்ளையாக நிற்கும்போது மேஸ்திரிக்கு இடத்தைக் காட்ட இதைவிட வேறு சாட்சி வேண்டாம். வீட்டில் எழுத்துப் படிக்கிற பிள்ளை இருந்தால் அவனிடமோ அவளிடமோ இந்த வேலையைக் கொடுங்கள். ஆசையோடு செய்வார்கள்.

இன்னொன்று. மழையே இல்லாத சித்திரையிலும் ஈரம் இருந்தால் குற்றவாளி மழை அல்ல. குழாய், அல்லது மாடியில் உள்ள தண்ணீர்த் தொட்டி. அதற்குப் பிளம்பரைக் கூப்பிட வேண்டும். தட்டோட்டை உடைக்க வேண்டாம்.

சுவரில் விரிசலா? அதன் குறுக்கே ஒரு துண்டுக் காகிதத்தைப் பசையால் இறுக ஒட்டி, அதிலும் தேதி எழுதுங்கள். சில மாதம் கழித்துக் காகிதம் முழுசாக இருந்தால் விரிசல் தூங்குகிறது. கிழிந்திருந்தால் வளர்கிறது. வளர்கிற விரிசலுக்கு மேஸ்திரி போதாது. இன்ஜினீயரைக் கூட்டிவந்து அஸ்திவாரத்தைப் பார்க்கச் சொல்ல வேண்டும். அந்தக் கட்டணத்துக்கு அஞ்சவே கூடாது.

சுவரில் அரசும் ஆலும் முளைத்திருந்தால், இலையைக் கிள்ளி எறிந்து பயனில்லை. வேரோடு எடுத்து அந்த இடத்தைச் சாந்து வைத்து மூடினால்தான் உண்டு. நம்மில் சிலர் அரசமரம் என்று பயந்து தொடமாட்டார்கள். வேறு நல்ல இடத்தில் நட்டுத் தண்ணீர் ஊற்றலாமே!

எங்கள் வீட்டுக் கதை

ஊருக்கு யோசனை சொல்லும் நான் என் வீட்டில் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீட்டு மாடியில் தட்டோடு பெயர்ந்து வெகுநாள். ஓர் ஆவணி மாதம் ஒரு மேஸ்திரி வந்தார். நல்ல வேலைக்காரர். மாடியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "பத்து நாளில் முடித்துவிடலாம் சார்" என்றார். மொத்தத்தில் பாதியை அட்வான்சாகக் கேட்டார். கொடுத்தேன். ஒரு சீட்டும் எழுதவில்லை. நாலு பேர் வந்து இரண்டு நாளில் பழைய ஓட்டை எல்லாம் உடைத்துக் குவித்தார்கள்.

மூன்றாம் நாள் ஒருவரும் வரவில்லை. நாலாம் நாளும் வரவில்லை. போன் செய்தால் "இந்தா கிளம்பிட்டேன் சார்" என்பார். புரட்டாசி முடிந்தது. உரித்துப்போட்ட மாடிமேல் ஐப்பசி மழை இறங்கியது. அம்மா அரிசி மூட்டையை அறைக்கு அறை இழுத்துக்கொண்டிருந்தார். குடத்தில் தொடங்கி அண்டாவரை வீட்டிலுள்ள பாத்திரம் முழுவதும் தரையில் இருந்தது. பீரோவுக்குப் பின்னால் ஈரம் ஏறி, அப்பாவின் பழைய போட்டோ ஒன்று அட்டையோடு ஊறிப்போயிற்று. மாடியைப் பிறகு சரிசெய்தோம். போட்டோ போனது போனதுதான்.

மழை விட்ட ஒருநாள் மேஸ்திரி வந்தார். அம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"என்ன மேஸ்திரி, கூரையைப் பிரிச்சுப் போட்டுட்டு ஆளையே காணோமே? நீ உன் வீட்டுல இப்படிச் செய்வியா?"

மேஸ்திரி தலையைக் குனிந்தார். "என் வீடும் ஒழுகத்தான் செய்யுது ஆத்தா" என்றார்.

பிறகு மெல்லச் சொன்னார். எங்களிடம் வாங்கிய பணம் எங்கள் வேலைக்குப் போகவில்லை. அதற்கு முன் வேலை செய்த வீட்டில் கடைசிப் பணம் வரவில்லை. அந்த ஆட்களுக்குக் கூலி பாக்கி. எங்கள் அட்வான்சை அங்கே கொடுத்தார். எங்கள் வேலைக்குப் பணம் வேண்டுமே என்று மூன்றாவது வீட்டில் அட்வான்ஸ் வாங்கினார். வாங்கிவிட்டதால் அங்கே போய் நிற்க வேண்டியதாயிற்று. ஒரு வீட்டுக் கடனை இன்னொரு வீட்டு அட்வான்சு அடைத்துக்கொண்டே போகிறது.

அவரை ஏமாற்றுக்காரர் என்று சொல்ல என்னால் முடியவில்லை. எங்களுக்கு முன்னால் இருந்த யாரோ ஒருவர் அவருக்குக் கடைசிப் பணத்தைக் கொடுக்காமல் இழுத்தடித்தார். அந்த இழுத்தடிப்புத்தான் எங்கள் கூரை வழியாக ஒழுகியது.

அரைத் தாள் போதும்

தை பிறந்ததும் அதே மேஸ்திரியிடம் வேலையைக் கொடுத்தோம். ஆனால் இந்தமுறை அம்மா ஒரு நோட்டுப் புத்தகத்தில் அரைத் தாளைக் கிழித்து என்னிடம் நீட்டினார்.

"எதுக்கு ஆத்தா எழுத்தெல்லாம்? என் வாய்ச் சொல் போதாதா?" என்றார் மேஸ்திரி.

"உன் வாய்க்கு மட்டுமில்லப்பா, இவன் வாய்க்கும் சேர்த்துத்தான்" என்று என்னைக் காட்டினார் அம்மா.

அதைக் கேட்டதும் மேஸ்திரி சிரித்துவிட்டார். பிறகு எழுதியது இதுதான்:

"வேலை: மேல்மாடியில் ஜல்லித் தளத்தைச் சரிசெய்து, தட்டோடு பதித்து, சந்து பூசி, குழாய் வாய்க்கு வாட்டம் வைத்துத் தருவது. அளவு: 26 அடிக்கு 20 அடி, 520 சதுர அடி, அதாவது 5.2 சதுரம். இருவரும் சேர்ந்து அளந்தது. சாமான் வீட்டுக்காரர் வாங்கித் தருவது. ஆட்களும் சாரமும் மேஸ்திரி பொறுப்பு. உடைந்த கல், மண்ணை அகற்றுவதும் அவர் பொறுப்பு. தொடங்குவது இன்ன நாள். முடிப்பது இன்ன நாள். பணம்: சனிக்கிழமைதோறும் அந்த வாரம் முடிந்த வேலைக்கு. மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு இரண்டு நல்ல மழை பார்த்த பிறகு."

இருவரும் கையெழுத்துப் போடப்போகும் நேரம், மேஸ்திரி பேனாவை எடுக்காமல் நின்றார். "என் பங்குக்கும் ஒரு வரி எழுதுங்க சார்" என்றார். "இதில் எழுதாத வேலை சொன்னால் அதற்குத் தனிக் கூலி. சனிக்கிழமை சாயங்காலம் தவறாமல் பணம்." எழுதினேன். நியாயம்தானே! கைப்பிடிச் சுவரில் 'அப்படியே ஒரு கை பூசிவிடுங்கள்' என்று நாம் போகிறபோக்கில் சொல்கிறோம். அந்த 'ஒரு கை' அவருக்கு அரை நாள்.

பெரிய வேலையானால் இதை முத்திரைத்தாளில் எழுதிக்கொள்ளலாம். சின்ன மராமத்துக்கு, தேதியும் இரண்டு கையெழுத்தும் உள்ள அரைத் தாள் போதும். ஆளுக்கொரு பிரதி. கொடுத்த பணத்துக்கு அதன் பின்புறத்திலேயே தேதியோடு கையெழுத்து. இப்போது பலர் வங்கி வழியாகவோ போன் வழியாகவோ பணம் அனுப்புகிறார்கள். அதுவே ரசீதாகிவிடுகிறது, நல்லதுதான்.

மேஸ்திரியைத் தேர்ந்தெடுப்பதற்கு ஒரே வழி, அவர் செய்த வேலையைப் பார்ப்பது. நேற்று முடித்த வேலையைப் பார்க்காதீர்கள். புதுப் பூச்சு எல்லாமே அழகு. இரண்டு மழைக்காலம் பார்த்த வேலையைக் காட்டச் சொல்லுங்கள். அந்த வீட்டுப் பெண்களிடம் கேளுங்கள். "சொன்ன நாளில் வந்தாரா? போகும்போது குப்பையை எடுத்துப் போனாரா?" உண்மை அங்கேதான் கிடைக்கும்.

தினக்கூலியா, கண்டிராக்டா? தினக்கூலிக்கு விட்டால் வேலை நீளும். கண்டிராக்டுக்கு விட்டால் கலவை மெலியும். என் எண்ணம், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத பழைய வீட்டு மராமத்துக்குத் தினக்கூலி நல்லது. அளந்து சொல்லக்கூடிய பூச்சு, தட்டோடு, வெள்ளையடிப்பு இவற்றுக்குச் சதுரக் கணக்கு நல்லது. எதுவானாலும் வீட்டில் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

இருந்து எதைப் பார்ப்பது? சிமெண்டு மூட்டையில் அச்சிட்ட மாதத்தைப் பாருங்கள். மூன்று மாதத்துக்கு மேல் கிடந்த சிமெண்டு வலு குறைந்துவிடும். தண்ணீர் ஊற்றிக் கலந்த கலவையை அரைமணி நேரத்துக்குள் செலவழிக்க வேண்டும். சாப்பிடப் போய்விட்டு வந்து, இறுகிப்போன கலவையில் மறுபடி தண்ணீர் ஊற்றிக் கிளறினால் "வேண்டாம்" என்று சொல்லுங்கள். பூசியபின் குறைந்தது ஏழு நாள், கோடையானால் பத்து நாள், தண்ணீர் காட்ட வேண்டும். இது மேஸ்திரி வேலை அல்ல, நம் வேலை! மதுரை வெயிலில் காலையில் நனைத்த பூச்சு பத்து மணிக்கே காய்ந்துவிடும். சாக்கை நனைத்துப் போட்டு வைத்தால் நிற்கும்.

மாடி வாட்டம் பத்தடிக்கு இரண்டு அங்குலம் சரிவாவது இருக்க வேண்டும். வேலை முடிந்ததும் ஒரு குடம் தண்ணீரை மாடியின் எட்டாத மூலையில் கொட்டுங்கள். அது தானாகக் குழாய் வாய்க்கு வர வேண்டும். நடுவழியில் குளம் கட்டினால், மேஸ்திரி சாரம் பிரிக்குமுன்பே சொல்லிவிடுங்கள்.

சாரத்தின் மேல் நிற்பவர்

நம் வீட்டுச் சாரத்தில் ஏறுகிறவரும் ஒரு வீட்டுக்காரர். கயிறு இற்றிருந்தால் அவர் விழுவார். மாடிக்குப் பக்கத்தில் மின்சாரக் கம்பி ஓடினால், நீளக் கம்பியையோ குழாயையோ தூக்கும்போது உயிர் போய்விடும். வேலை தொடங்குமுன் மின்வாரியத்துக்குச் சொல்லி ஏற்பாடு செய்வது நம் கடமை.

கட்டிடத் தொழிலாளர்களுக்காகத் தமிழ்நாட்டில் 1994-ல் நலவாரியம் ஏற்பட்டது. அதில் பதிவு செய்தவர்களுக்கு விபத்து, பிள்ளைகள் படிப்பு, திருமணம் ஆகியவற்றுக்கு உதவி உண்டு. "அட்டை இருக்கிறதா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். இல்லையென்றால் பதிவு செய்யச் சொல்லுங்கள். கேட்பதற்குக் காசு செலவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கலவைச் சட்டியைத் தலையில் வைத்து நாள் முழுவதும் படியேறி இறங்குகிறவள் சித்தாள். அதே சட்டியைத் தூக்கும் ஆணுக்குக் கூலி கூட. சம வேலைக்குச் சம ஊதியம் என்று 1976-லேயே சட்டம் வந்தது. நம் வீட்டு வாசலில் இன்னும் அது வரவில்லை. மொத்தக் கண்டிராக்ட் பேசினாலும், சித்தாளுக்கு என்ன கொடுக்கிறீர்கள் என்று மேஸ்திரியிடம் கேட்கலாம்.

பேச்சு முறிந்தால்?

எவ்வளவு எச்சரிக்கையாக இருந்தாலும் சிலர் பணத்தோடு போய்விடுவார்கள். போலீசா, கோர்ட்டா என்று மலைக்க வேண்டாம். வீடு கட்டித் தருகிற சேவையில் குறை இருந்தால் நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். மாவட்டந்தோறும் ஆணையம் உண்டு, மதுரையிலும் உண்டு. 1986-ல் வந்த சட்டம், 2019-ல் புதிதாக்கப்பட்டது. கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணமே கிடையாது. இரண்டு வருஷத்துக்குள் மனுச் செய்ய வேண்டும். முதலில் யோசனை கேட்க 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம்.

அங்கே போனால் முதலில் கேட்கப்படுவது, "எழுத்து இருக்கிறதா?" அப்போதுதான் அந்த அரைத் தாளின் விலை தெரியும்.

அடுக்குமாடிக் குடியிருப்பு ஆனால் சிக்கல் வேறு மாதிரி. மேல்மாடிக்குக் கீழே இருப்பவர் வீடு ஒழுகும். தரைத்தளத்துக்காரர் "எனக்கென்ன?" என்பார். மாடி வழியே இறங்கும் ஈரம் நாளைக்கு அவர் தூணுக்கும் வரும் என்று அவருக்கு யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும். குடியிருப்போர் சங்கம் உள்ள இடங்களில் மாதம் ஒரு தொகையை மராமத்துக்கென்றே ஒதுக்கி வைப்பது நல்லது. தனி வீடுகளிலும் ஒரே வரிசையில் ஐந்து வீட்டார் சேர்ந்து ஒரு மேஸ்திரியைப் பிடிக்கலாம். ஒரே லோடில் மணல், ஒரே வண்டியில் ஓடு. மேஸ்திரிக்கும் ஒரு மாதம் ஒரே தெருவில் வேலை, ஓட மாட்டார்!

எங்கள் மாடி வேலை மாசியில் முடிந்தது. எழுதிய நாளுக்கு மூன்று நாள் பிந்தி. அம்மா அதைச் சொல்லிக் காட்டத் தவறவில்லை.

ஐப்பசி வந்தது. முதல் பெரிய மழை இரவு ஒன்பது மணிக்குப் பிடித்தது. பத்து மணிக்கு வாசலில் யாரோ குடையோடு நின்றார்கள். மேஸ்திரி! யாரும் கூப்பிடவில்லை. கையில் டார்ச் லைட்டோடு நேரே மாடிக்கு ஏறினார். குழாய் வாயில் அடைத்திருந்த வேப்பஞ்சருகை அள்ளி எறிந்தார். கீழே வந்து கூரையில் நான் போட்டிருந்த பழைய பென்சில் கோடுகளைத் தடவிப் பார்த்தார். காய்ந்திருந்தன.

"ஆத்தா, மீதிப் பணம்?" என்றார் சிரித்துக்கொண்டே.

அம்மா அரைத் தாளை எடுத்துவந்து விரித்தார். "இரண்டு மழைன்னு எழுதியிருக்கு. இது ஒண்ணு. உட்காரு, காப்பி சாப்பிடு."

இரண்டாவது மழை அடுத்த வாரம் பெய்தது. மறுநாள் காலையிலேயே பணத்தைக் கொடுத்துவிட்டோம். அவர் வீட்டுக் கூரைக்கு ஓடு வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.